கொடைக்கானல் போகாமலே கட்டிய 11,400 ரூபாய்

ஆயுத பூஜை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகலாம் என்று செப்டம்பர் 20-ஆம் தேதியே ஒரு இணையதளத்தில் இரண்டு இரவுக்கு ரூம் போட்டேன். 11,400 ரூபாய், கிரெடிட் கார்டில். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல், சரி வேண்டாம் என்று அக்டோபர் 4 அன்று கேன்சல் செய்துவிட்டேன். 72 மணி நேரத்துக்கு முன்னால் கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று வவுச்சரிலேயே போட்டிருந்தது, கேன்சலேஷன் நம்பரோடு மெயிலும் வந்தது. ஏழு வேலை நாளில் பணம் வரும் என்றார்கள். நானும் நம்பி அதை மறந்துவிட்டேன்.

வரவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல், "ப்ராசஸ்ல இருக்கு சார்". மூன்றாவது தடவை ஒரு பையன் "எங்க சைடுல ரீஃபண்ட் போட்டாச்சு சார், உங்க பேங்க்லதான் நிக்குது" என்றான். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர், முன்பு ஒரு வங்கியின் கார்டு பிரிவில் இருந்தவர், "அப்படிச் சொன்னா ஏஆர்என் நம்பர் கேளுங்க" என்றார். கார்டு வழியாக உண்மையிலேயே ரீஃபண்ட் போட்டிருந்தால் 23 இலக்கத்தில் ஒரு நம்பர் உருவாகியிருக்கும், அதைக் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கி தேடிப் பார்த்துவிடலாம். கேட்டேன். மெயிலில் அனுப்புகிறோம் என்றவர்கள் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. ரீஃபண்டே போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். நவம்பர் 6-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பில்லில் இந்த 11,400-ஐ மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினேன், வரப்போகிற பணம்தானே, எதற்குக் கட்டி வைப்பானேன் என்று. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வட்டி 912 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 164. பில்லை முழுதாகக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் போய்விடும், பாக்கிக்கு வாங்கிய நாளிலிருந்தே கணக்குப் போடுவார்கள், அந்த மாதம் புதிதாக வாங்கிய மளிகைக்கும் பெட்ரோலுக்கும்கூட வட்டி ஓடும். பணம் எப்போது வந்தாலும் வரட்டும், பில்லை முதலில் கட்டிவிடுங்கள்.

அப்புறம்தான் வங்கிக்குப் போனைப் போட்டேன் (கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு, கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடி எடுத்த நம்பருக்கு அல்ல, அதில் பாதி திருடர்களுடையது). அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "இந்த டிரான்சாக்ஷன் நீங்க பண்ணதுதானா சார்?" இல்லை என்று சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு கணம் ஆசை வரும். சொல்லிவிடாதீர்கள். இல்லை என்றால் அது மோசடிப் புகார் ஆகிவிடும், கார்டை பிளாக் செய்வார்கள், கடைசியில் உங்கள் ஓடிபி போட்டு நடந்தது என்று காட்டிக் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொன்னது யாரோ திருடிச் செலவழித்ததற்கு, நாமே வாங்கி ஏமாந்ததற்கு இல்லை. "நான்தான் செய்தேன், கேன்சல் செய்தும் பணம் திரும்பவில்லை, டிஸ்ப்யூட் போட வேண்டும்" என்றேன். முதலில் கடைக்காரரிடமே, அதாவது அந்த இணையதளத்திடமே, பேசுங்கள் என்றாள். பேசிய தேதிகளை வரிசையாகச் சொன்னதும் ஃபார்ம் மெயிலில் வந்தது.

இதுதான் சார்ஜ்பேக். கடைக்காரன் மனது வைத்தால் ரீஃபண்ட். அவன் மனது வைக்காவிட்டால் நம் வங்கி விசா, மாஸ்டர்கார்டு வழியாக அவன் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்பது சார்ஜ்பேக். இதற்குப் பெரும்பாலும் 120 நாள்தான் கெடு. "ப்ராசஸ்ல இருக்கு" என்று அவர்கள் இழுக்கிற ஒவ்வொரு வாரமும் அந்தக் கெடுவில்தான் கழிகிறது, நான் அதில் ஒன்றரை மாதத்தை வீணாக்கியிருந்தேன்.

வவுச்சர், கேன்சல் மெயில், போன் செய்த தேதிகள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். ஒன்பது நாளில் 11,400 தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டது. வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடியது கொஞ்சம் அவசரம்தான், ஜனவரியில் வங்கியிலிருந்து மெயில்: "வாடிக்கையாளர் கேன்சல் செய்யவில்லை, அன்று ரூமுக்கு வரவே இல்லை" என்று அந்த ஆட்கள் பதில் போட்டிருக்கிறார்களாம், எதிர்ப்பு இருந்தால் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம். கோபத்தில் இரண்டு பக்கம் எழுதினேன், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவர்களே அனுப்பிய கேன்சல் மெயிலை மட்டும், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி, நான்கு வரியோடு அனுப்பினேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் பணம் எனக்கே என்று முடிந்தது. வங்கியிடம் புகார் போட்டு 30 நாளில் பதில் வராமலோ திருப்தி இல்லாமலோ போயிருந்தால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகார்களைத் தீர்த்துவைப்பவர்) போவதாக இருந்தேன், இலவசம்தான், இணையத்திலேயே போடலாம். அது தேவைப்படவில்லை.

அந்த வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து 1,076 ரூபாயைத் தள்ளுபடி செய்யச் சொல்லி இப்போது வங்கி மேலேயே ஒரு புகார் போட்டிருக்கிறேன். இன்றைக்குப் பதினொன்றாவது நாள்.