200 குரோனர் கத்தி

ஸ்டாக்ஹோம் வந்த முதல் கோடையில், காட்டில் கூடாரம் போடப் போகிறோம் என்ற ஆர்வத்தில் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கத்தி வாங்கினேன். பார்க்க ஜோராக இருந்தது. சமைக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது நறுக்காது, பிளக்கும். கேரட்டில் வைத்து அழுத்தினால் டப்பென்று உடைந்து பாதி புல்லுக்குள் போய் விழுந்தது. கூட வந்த அலுவலக நண்பர் ஒன்றும் சொல்லாமல் தன் கத்தியை நீட்டினார். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி. மோரா கம்பெனியன்.

இப்போது என்னிடமும் அதுதான். விலை சுமார் 200 ஸ்வீடன் குரோனர். ஸ்வீடனின் தாலர்னா மாகாணத்தில், சில்யான் ஏரிக்கரையில் இருக்கும் மோரா என்ற ஊரில் 1891-லிருந்து இந்தக் கத்தி நிறுவனம் இருக்கிறது. (90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசாலொப்பெட் முடிவதும் அதே ஊரில்தான்.) அலகின் நீளம் பத்து சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தடிமன் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டாது, அவ்வளவுதான்.

சூட்சுமம் அதன் சரிவில் இருக்கிறது. அலகு பாதிக்கும் மேல் தட்டையாக வந்து, அங்கிருந்து கூர்வரை ஒரே சரிவாக இறங்கும். அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படியவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பார்க்கிற வேலையே இல்லை. எனக்கே கூர் வந்துவிடுகிறது என்றால் பாருங்கள்.

போன அக்டோபரில் சோர்ம்லாண்ட்ஸ்லேடன் நடைபாதையில் இரவெல்லாம் மழை. கிடந்த விறகு முழுக்க ஊறிப்போயிருந்தது. மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டையை நிறுத்தி, அலகை மேலே வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் தட்டினேன். பிளந்தால் உள்ளே உலர்ந்த வெள்ளை மரம். அதைச் சுருள் சுருளாகச் சீவி, சுருள்கள் கட்டையிலேயே ஒட்டி நிற்கும்படி விட்டால் தீ சட்டென்று பிடிக்கும். கூடவே பிர்ச் மரத்தின் பட்டை. எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரத்திலும் எரியும். ஆனால் நிற்கும் மரத்தில் கைவைக்கக் கூடாது.

மடக்குக் கத்தியில் இப்படித் தட்டாதீர்கள், கீல் ஆட்டம் கண்டுவிடும். மோரா கத்தியிலும் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடாது. அதனால் முடிச்சு விழுந்த கட்டையை நான் தொடுவதில்லை.

முதுகின் ஓரங்கள் மழுங்கலாக இருக்கும், தீப்பொறிக் கம்பியை உரசினால் பொறி வராது. அரத்தால் இரண்டு விரற்கடை அளவுக்கு ராவிச் சதுரமாக்கினேன். அப்புறம் பொறி கொட்டுகிறது.

என்னுடையது கார்பன் எஃகு, துருப்பிடிக்காத ரகம் இல்லை. எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் உறையில் போட்டு மூன்று நாள் மறந்துவிட்டேன். அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் போகவில்லை.

தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். அதனால் ரயிலில் அது பையின் அடியில், கூடாரத்துக்கும் கீழே பயணம் செய்யும்.

அந்த ஐந்து மில்லிமீட்டர் கத்தி சமையலறையில் இருக்கிறது. தேங்காய் உடைக்க.