ஆர்பிஜி மேசைக்குப் புதிதா? சொற்களை இப்படிப் படியுங்கள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில்தான் திருகோணமலையில் நாங்கள் சிலர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடத் தொடங்கினோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, மேசையைச் சுற்றியிருந்து கதை ஓட்டும் ஆட்டம் அது. இந்த வகை ஆட்டத்தைத்தான் ஆர்பிஜி என்பார்கள். இப்போது அதே காத்திருப்பில் இருக்கும் தம்பி தங்கச்சிமார் வந்து, "அண்ணா, கதை விளங்குது, நீங்க கதைக்கிறதுதான் விளங்குதில்ல" என்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியலைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்க வேண்டாம். உயிரியல் படித்த பழக்கத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆட்டத்தில் எந்த இடத்தில் அந்தச் சொல் வாயில் வருகிறதோ, அந்த இடத்தோடு சேர்த்துப் படித்தால்தான் நிற்கும்.

பகடையில் தொடங்குங்கள். 'டி' என்றால் பகடை, பின்னால் வருவது அதன் பக்கங்கள்: டி4, டி6, டி8, டி10, டி12, டி20. முன்னால் எண் இருந்தால் அத்தனை பகடைகள். 2டி6+3 என்றால் இரண்டு டி6 உருட்டிக் கூட்டி, அதோடு 3 சேர்க்க வேண்டும். ஆகக் குறைந்தது 5, ஆகக் கூடியது 15. கையில் பகடை இல்லாவிட்டால் போனில் உருட்டலாம்.

அடுத்தது ஒரு காட்சி. எங்கள் ஆட்டங்களில் எங்கள் ஊர் பிரெட்ரிக் கோட்டை அடிக்கடி வரும். இரவு, கோட்டை மதில், உள்ளே மேயும் மான்கள், வாசலில் ஒரு காவலாளி. கதையை நடத்துபவர் டிஎம். நீங்கள் நடத்தும் பாத்திரம் பிசி. காவலாளி என்பிசி, அதாவது ஆட்டக்காரர் யாரும் நடத்தாத பாத்திரம். அவனுக்காகப் பேசுவது டிஎம். "நான் மதில் ஏறுறன்" என்கிறீர்கள். டிஎம் மனதில் டிசி 15 என்று வைக்கிறார். அதுதான் எட்ட வேண்டிய எண். உங்கள் பாத்திரத்தின் ஸ்ட்ரெங்த், அதாவது உடல்வலு, 14. அதற்கு மொடிஃபையர், அதாவது பகடையோடு கூட்டும் எண், +2. டி20இல் 13 விழுகிறது. கூட்டினால் 15, ஏறிவிட்டீர்கள். சமமாக வந்தாலே போதும். காவலாளி கண்டுவிட்டால் இனிஷியேட்டிவ் உருட்டி, யார் முதலில் என்று பார்ப்போம். அவனை அடிக்க இப்போது அவனுடைய ஏசியை, அதாவது பாதுகாப்பு எண்ணை, எட்ட வேண்டும். பட்டால் சேதம் எச்பியில், அதாவது உயிர்ப் புள்ளிகளில், கழியும். இந்த ஒரு காட்சியைக் கூட்டாளியோடு மூன்று நான்கு தரம் ஓட்டிப் பாருங்கள், அடிப்படைச் சொற்கள் எல்லாம் வந்துவிடும்.

'நாட் 20' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகடையிலேயே 20 விழுவதுதான் அது. கூட்டி வந்த 20 அல்ல. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, தாக்குதலில் அது கட்டாயம் படும், சேதப் பகடையும் இரட்டிப்பாகும். மதில் ஏறுவது போன்ற சோதனைக்கு அந்தச் சலுகை இல்லை. இருந்தாலும் பல மேசைகளில் கொடுக்கிறார்கள். விதியில் உள்ளபடியே என்றால் 'ரோ', அந்த மேசை தானே செய்துகொண்ட விதி என்றால் 'ஹோம்ப்ரூ'. எது நடப்பில் என்று முதலே கேட்டுவிடுங்கள்.

மூத்த ஆட்டக்காரர்கள் 'தாக்கோ' என்றால் பயப்பட வேண்டாம். பழைய பதிப்புகளில் ஏசி குறையக் குறையப் பாதுகாப்புக் கூடும், அடி பட டி20இல் எத்தனை விழ வேண்டும் என்று பார்க்கும் அந்தக் காலத்துக் கணக்கு அது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்போடு போய்விட்டது.

மேசைப் பேச்சில் டிபிகே என்றால் குழு முழுவதும் செத்துவிட்டது. பிபிஇஜி என்றால் பெரிய வில்லன். இவை தானாக வரும். நான் முக்கியமாக நினைப்பது வேறு இரண்டு. மெட்டாகேமிங்: உங்களுக்குத் தெரிந்து, உங்கள் பாத்திரத்துக்குத் தெரியாத விஷயத்தை வைத்து ஆடுவது. செஷன் சீரோ: ஆட்டத்துக்கு முன் எல்லோரும் இருந்து, எப்படியான கதை, எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொள்வது. கூச்சமுள்ள பிள்ளைகள் தைரியமாக வாய் திறப்பது அந்தப் பேச்சு நடந்த மேசைகளில்தான். அதைத் தவிர்க்காதீர்கள்.

அப்புறம், வேறு ஆட்டத்துக்குப் போனால் சொல்லும் மாறும். 1981இல் வெளியான கால் ஆஃப் கதுலுவில் டிஎம் இல்லை, கீப்பர். இரண்டு டி10 சேர்ந்து டி100: ஒன்று பத்துகளுக்கு, மற்றது ஒன்றுகளுக்கு. அங்கே திறமை எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழ வேண்டும், ஆகவே பெரிய எண் விழுந்தால் கைதட்டிவிடாதீர்கள்.