பீரோவுக்குப் பின்னால் மடங்கிய மஞ்சள் வயர்

அப்பா ஞாயிறுதோறும் பேத்தியோடு வீடியோவில் பேசுவார். போன ஞாயிறு காலையில் மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னியது. அது சிவந்தால் இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் ஃபைபர் வயரில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளாமல் குண்டூசியால் ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டேன். மோடம் இணையத்தில் நுழையத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் அழிந்துபோய்விட்டன. விளக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது.

பிறகுதான் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பீரோவின் காலுக்கும் சுவருக்கும் நடுவே மஞ்சள் வயர் மடங்கிக் கிடந்தது. உள்ளே இருப்பது தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. இறுக்கமாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். நல்லவேளை, உடையவில்லை. நீவிவிட்டு, அகலமான வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினேன். சிவப்பு அணைந்தது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வரும் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, -21 டிபிஎம் என்று காட்டியது. -27ஐ நெருங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் இணையம் வரவில்லை. அழிந்த விவரங்களை கஸ்டமர் கேரில் கேட்டு வாங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. தயவுசெய்து ரீசெட்டுக்கு முன்னால் அந்த மூன்றையும் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அவை காலண்டர் அட்டைக்குப் பின்னால் இருக்கின்றன.

ஏழரை மணிக்கு அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார்.