வருகைப் பதிவில் பின்னோக்கிப் போன 23 நிமிடங்கள்

ஒரு சிறிய தொழிற்கூடத்துக்காக, விரல்ரேகைக் கருவி தரும் வருகைப் பதிவுகளைப் படித்து மாத இறுதியில் அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினேன். கருவி ஒவ்வொரு பதிவையும் '05/03/24 06:00 பிஎம்' என்பது போன்ற வெறும் எழுத்துச் சரமாகவே தரும். அதை ஸ்ட்ரிப்டைம் என்ற செயற்கூறு மூலம் நேரமாக மாற்றி, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரமான யூடிசியில் சேமித்து, அறிக்கை அச்சாகும்போது மீண்டும் இந்திய நேரத்துக்குக் கொண்டுவந்து ஸ்ட்ரெஃப்டைம் மூலம் எழுதுவதே என் திட்டம்.

நேரத்தை எப்படிப் படிப்பது, எழுதுவது என்று இவற்றுக்குச் சொல்லும் வடிவக் குறியீடுகளில் எல்லாரும் இடறும் இடத்தில் நானும் இடறினேன். சதவீதக் குறிக்குப் பின் சிறிய எம் இட்டால் மாதம், பெரிய எம் இட்டால் நிமிடம். இதை மாற்றி எழுதியதால் முதல் அறிக்கையில் 47ஆம் மாதம் வந்து நின்றது. அது பார்த்தவுடன் தெரியும் பிழை. ஆனால் மணிக்கு, 24 மணிக் கணக்குக்கான பெரிய எச் குறியை இட்டு, ஏஎம், பிஎம்முக்கான பி குறியையும் உடன் வைத்தபோது, பைத்தான் எந்தப் பிழையும் காட்டாமல் பிஎம்மைப் புறக்கணித்து, மாலை 6 மணியைக் காலை 6 மணியாக எடுத்துக்கொண்டது. 12 மணிக் கணக்குக்கான பெரிய ஐ குறியோடு சேர்ந்தால்தான் பி குறிக்கு மதிப்பு என்பதை ஆவணத்தின் குறிப்புப் பகுதியைப் படித்த பிறகே அறிந்தேன்.

இவற்றைத் திருத்தி ஒப்படைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. மாலை 6 மணிக்கு வெளியேறிய ஊழியர் ஒருவர், தாம் 5.37க்கே கிளம்பிவிட்டதாக அறிக்கை சொல்வதாக முறையிட்டார். காலை 9.15க்கு வந்தவர்கள் 8.52க்கு வந்ததாகப் பதிவாகியிருந்ததைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. வந்த நேரமும் போன நேரமும் ஒரே அளவு பின்னோக்கிச் சென்றிருந்ததால் மொத்த வேலை நேரம் சரியாகவே இருந்தது. அந்த மொத்தத்தை மட்டுமே நான் சோதித்திருந்தேன். வேறுபாடு ஐந்தரை மணி நேரமாக இருந்திருந்தால் நேர மண்டலத்தை உடனே சந்தேகித்திருப்பேன். 23 நிமிடம் என்பதால் கருவியின் கடிகாரத்தைச் சந்தேகித்து ஒரு நாளை வீணாக்கினேன்.

கடைசியில் ஒரு பதிவை, யூடிசியோடு உள்ள வேறுபாட்டையும் காட்டும் ஐஎஸ்ஓ வடிவில் அச்சிட்டுப் பார்த்தபோது, அதன் முடிவில் +05:30க்குப் பதிலாக +05:53 என்றிருந்தது. நேர மண்டலங்களுக்கான பைடிஇசட் நூலகத்தின் 'ஏஷியா/கொல்கத்தா' மண்டலத்தை நேரப் பொருளுக்குள் நேரடியாகச் செருகியிருந்ததே காரணம். நேர மண்டலத் தரவுத்தளம் ஒவ்வொரு ஊரின் பழைய வரலாற்றையும் சுமந்து வருகிறது: அந்த மண்டலத்தின் முதல் பதிவு, தீர்க்கரேகையின்படி கொல்கத்தாவுக்கு வரும் 5 மணி 53 நிமிடம் 28 வினாடி, பின்னர் 1870 முதல் 1905 முடிய, 5 மணி 21 நிமிடம் 10 வினாடி என்ற மெட்ராஸ் நேரம், 1906இலிருந்துதான் ஐந்தரை மணி. நம் ஊரின் பழைய நேரம் கொல்கத்தாவின் பெயருக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டு, வேலை நெருக்கடியிலும் சற்று மகிழ்ந்தேன். நேரடியாகச் செருகினால் பைடிஇசட் நாளைப் பார்க்காமல் முதல் பதிவையே எடுத்துக்கொள்ளும். லோக்கலைஸ் என்ற செயற்கூறு வழியாகக் கொடுத்தால்தான் அந்த நாளுக்குரியதைத் தேர்ந்தெடுக்கும். யூடிசியிலிருந்து திரும்பி வரும்போது கணக்கு சரியாக ஐந்தரை மணியாக நடந்ததால், இடைவெளியான 23 நிமிடம் அறிக்கையில் தங்கிவிட்டது.

பைத்தான் 3.9 முதல் உடன்வரும் ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டல நூலகத்துக்கு மாறினேன். அதில் மண்டலத்தை நேரடியாகச் செருகினாலும் இந்தத் தொல்லை இல்லை. கருவி தந்த மூலச் சரங்களை அழிக்காமல் வைத்திருந்ததால், பழைய பதிவுகளோடு 23 நிமிடத்தைக் கூட்டிக்கொண்டிராமல் எல்லாவற்றையும் முதலிலிருந்தே மீண்டும் படிக்கவைத்தேன். இரவுப் பணியில் நள்ளிரவு 12 மணிக்கும் 12.22க்கும் இடையே கைவைத்தவர்கள் முந்தைய நாளின் கணக்கில் ஏறியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அந்த அறிக்கைகளை மட்டும் மேலாளர் மீண்டும் அச்சிட்டுக் கையொப்பமிட வேண்டியிருந்தது.