ஹீட்டரில் அச்சிட்டிருக்கும் 1500 வாட்

வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ராடின் கைப்பிடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கும். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 6.52 ஆம்பியர், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 35.3 ஓம். இதுவரை பள்ளிக் கணக்குதான்.

மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 1500-ஐ 180-ஆல் வகுத்து, மின்னோட்டம் 8.3 ஆம்பியராக ஏறிவிடும், வயர் சூடாகும் என்று சொல்பவர்கள் உண்டு. வாய்பாட்டில் பிழையில்லை, ஆனால் 1500 வாட் என்பது 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டும் பொருந்தும் எண் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டினால் அதிகம் மாறுவதில்லை; ஆகவே கணக்கை அந்த 35.3 ஓமிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போது மின்னோட்டம் 5.1 ஆம்பியராகக் குறைகிறது, திறனோ சுமார் 918 வாட்டாகச் சரிகிறது. மின்னழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்குத் திறன் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது, ஏனெனில் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. பதினைந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 14 நிமிடம் போதும் என்றிருந்தது 23 நிமிடமாக நீளும். செலவாகும் மின்சாரம் என்னவோ இரண்டு நிலையிலும் சுமார் 0.35 யூனிட்தான்.

இதை அளந்தும் பார்க்கலாம். வயரை வெட்டாமல் அதைக் கவ்வியே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாயை முழு வயரையும் சுற்றிப் பிடித்தால் அது சுழியத்தைத்தான் காட்டும், ஏனெனில் போகும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைத் திரும்பி வரும் மின்னோட்டம் அழித்துவிடுகிறது. ஃபேஸ் வயரை மட்டும் தனியே பிடிக்க வேண்டும். என் வீட்டில் 218 வோல்ட்டும் 6.2 ஆம்பியரும் காட்டின: வகுத்தால் 35.2 ஓம், பெருக்கினால் 1352 வாட்.

பழைய குண்டு பல்பு இவ்வளவு நேர்மையானதல்ல. 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை 882 ஓம் என்று கணக்கு சொல்கிறது. அணைத்துக் கழற்றி, ஆறியபின் மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டும் சரிதான். டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அதன் மின்தடை பல மடங்காகிறது. ஸ்விட்சைப் போடும் கணத்திலேயே பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவதற்கும், அந்தக் குளிர்ந்த இழையில் ஒரு நொடிக்கும் குறைவாகப் பாயும் பெரும் மின்னோட்டத்துக்குப் பங்குண்டு.

மின்விசிறி, மிக்சி போன்ற மோட்டார்களில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் ஆகாது, திறன் காரணியையும், அதாவது அந்தப் பெருக்கல் தொகையில் உண்மையான திறன் எத்தனை பங்கு என்று சொல்லும் எண்ணையும், சேர்த்துப் பெருக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி இல்லாதவர்கள் வீட்டு மின்மீட்டரையே பயன்படுத்தலாம். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று முகப்பில் எழுதியிருந்தால், மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கின் இரண்டு மினுக்கல்களுக்கு இடைப்பட்ட நொடிகளால் 1125-ஐ வகுக்க வேண்டும். 15 நொடி என்றால் அந்த மின்விசிறி 75 வாட் இழுக்கிறது.