3080-ஆ, 6800 எக்ஸ்டியா: ஒரே கேபினட்டில் இரண்டையும் மாட்டிப் பார்த்த அனுபவம்

2023 கோடையில் கிராபிக்ஸ் கார்டு விலை இறங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் எந்தக் கார்டு, என்ன நிலைமையில், எதனால் இறங்கியது என்று பார்க்காமல் கடைக்குப் போனால் பணம் வேண்டாத இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது சென்னையில் என் கணினியில் செய்து பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதே இரண்டு கார்டுகளுக்கு நடுவே நிற்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் விலை ஏன் இறங்கியது என்பது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தது 2020 செப்டம்பரில், 699 டாலருக்கு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி அதே வருடம் நவம்பரில், 649 டாலருக்கு. அந்த விலைக்கு வாங்க முடிந்தவர்கள் ரொம்பக் குறைவு, ஏனென்றால் அடுத்த வருடமே ஈதரியம் மைனிங் (கார்டுகளை ஓடவிட்டுக் கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) சூடு பிடித்து இங்கே 3080 ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி ஈதரியம் மைனிங் முறையையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. மைனிங்காரர்களின் ராக்கில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு அத்தோடு வேலை இல்லை, எல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அப்புறம் 4090, 4080, 7900 எக்ஸ்டிஎக்ஸ் என்று புதுத் தலைமுறை வந்தாலும் அவை முறையே 1,599, 1,199, 999 டாலர். நடுத்தர பட்ஜெட்காரனுக்கு அங்கே இடமே இல்லை. 2023 ஏப்ரலில் 4070 வந்த பிறகுதான் பழைய கார்டுகள் நிஜமாகவே இறங்கி வந்தன.

ஈதரியம் மைனிங்கில் வேகத்தைத் தீர்மானிப்பது மெமரி, சிப் இல்லை. நொடிக்கு 760 ஜிபி கொண்டு போகும் 3080-ன் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி மைனிங்காரர்களுக்கு அவ்வளவு பிடித்துப் போனது அதனால்தான். 6800 எக்ஸ்டியின் மெமரி கொண்டு போவது நொடிக்கு 512 ஜிபிதான், மிச்சத்தைச் சிப்புக்குள் இருக்கும் 128 எம்பி கேஷ் என்ற சின்ன வேக மெமரி சமாளிக்கிறது. கேமுக்கு அந்தக் கேஷ் பிரமாதமாக வேலை செய்கிறது, மைனிங்குக்கு ஒத்து வராது. ஆக, 2023-ல் சந்தையில் மலிவாகக் குவிந்து கிடந்தது 3080, அதிலும் மெமரி வெந்துபோன 3080. 6800 எக்ஸ்டியோ புதுசாக, பெட்டி பிரிக்காமல், மூன்று வருட வாரண்டியோடு கிடைத்தது. நான் பார்த்த நேரத்தில் பழைய 3080 ரூ. 40,000-ஐ ஒட்டி, புது 6800 எக்ஸ்டி ரூ. 55,000-ஐ ஒட்டி, 4070 ரூ. 60,000-க்கு மேல். அதனால் 2020-ல் வெளியான ஒப்பீட்டு அட்டவணைகளை வைத்து அப்போது முடிவெடுக்க முடியவில்லை. அதில் இருப்பது புதுக் கார்டும் புதுக் கார்டும். கடையில் என் முன்னால் இருந்தது ஒரு பழைய கார்டும் ஒரு புதுக் கார்டும்.

என்னிடம் இருப்பது ரைசன் 5600, 32 ஜிபி ரேம், 750 வாட் எஸ்எம்பிஎஸ், 1440பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதுவரை உழைத்த ஜிடிஎக்ஸ் 1060. ராத்திரி கேம், வாரக் கடைசியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருள். பிளெண்டரில் ஒரு கோபுரம் செய்துகொண்டிருக்கிறேன், நிலைக்கு நிலை சிற்பங்களோடு. இந்த இரண்டு வேலையும் இரண்டு கார்டுகளையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன என்பதால்தான் தேர்வு கஷ்டமாக இருந்தது.

சென்னையில் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் பழைய 3080 பார்த்ததைச் சொல்கிறேன். எந்தக் கடையில் கேட்டாலும் “மைனிங் கார்டு இல்ல சார், கேமிங்கில ஓடினதுதான்” என்பார்கள். ஒருவர் “இது எல்ஹெச்ஆர் சார், மைனிங்குக்கே ஆகாது” என்றார். மைனிங் வேகத்தைப் பாதியாக்கத்தான் என்விடியா 2021-ல் அந்த எல்ஹெச்ஆர் பூட்டைப் போட்டது. ஆனால் 2022 மே மாதத்தில் மைனிங் மென்பொருள்காரர்கள் அதை முழுசாக உடைத்துவிட்டார்கள். எல்ஹெச்ஆர் என்று போட்டிருப்பது எதற்கும் சாட்சி இல்லை. கார்டைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். மெமரி சிப்புகளுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேட், ரொம்ப நாள் சூட்டில் கிடந்தால் எண்ணெய் கசியும். போர்டின் விளிம்பில் பிசுபிசுப்பாக, தூசி ஒட்டிய பளபளப்பாகத் தெரியும், விரலில் தடவினால் வழவழக்கும். அப்புறம் ஃபேன் நடுவே விரல் வைத்து லேசாக ஆட்டிப் பார்க்கணும், ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்க்ரூ மேல் இருக்கும் வாரண்டி ஸ்டிக்கர், சீரியல் எண், அசல் பில், இதெல்லாம் கேட்காமல் காசை எடுக்காதீர்கள். கடைசியாக அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘மெமரி ஜங்ஷன்’ வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். ஜிபியூ, அதாவது முதன்மைச் சிப், 70 டிகிரி என்று காட்டுவதைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, இந்த மெமரி தனியாக 110 டிகிரி வரை போய் அங்கே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி அப்படி ஒரு 3080 வாங்கியிருந்தான். பேட் மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தான், “எவ்வளவு வேணும்னாலும் ஓட்டிப் பாருங்கண்ணா” என்றும் சொன்னான். அதே சமயம் ஊருக்குப் போன நண்பர் ஒருவர் தன் 6800 எக்ஸ்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றைக் கழற்றி, டிடியு என்ற மென்பொருளை வைத்து டிரைவரைச் சுத்தமாகத் துடைத்து, மற்றதை மாட்டி, அதே கேம், அதே சீன், அதே அறை. அறை வெப்பநிலை 34 டிகிரி, ஏசி போடாமல்.

3080-ஐ வந்தபடியே ஓட்டினதும் மெமரி ஜங்ஷன் 108-க்குப் போய் நின்றது. பிரித்துப் பார்த்தால் பழைய பேட்கள் உதிர்ந்து தூளாக வந்தன. பேட் மாற்றுவதில் முக்கியமான விஷயம் அதன் தடிமன். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கனம், அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது, மெமரி குளிர்ந்து ஜிபியூ கொதிக்கும். பழைய பேட் அழுந்தாமல் இருந்த ஓரத்தில் அளந்து, அதே கனத்தில் வாங்கிப் போட்டு, சிப்புக்குப் புதுப் பேஸ்ட் தடவி மூடினேன். மறுபடி ஓட்டியபோது 88. ஃபேன் சத்தமும் பாதியாக இறங்கிவிட்டது. செகண்ட் ஹேண்ட் 3080 வாங்குகிறவர்கள் விலையோடு இந்த வேலையையும் பேட் காசையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதைச் செய்ய மனசில்லை என்றால் அந்த ரூ. 40,000 கார்டு மலிவே இல்லை.

அடுத்தது கரண்ட். 3080-க்கு 320 வாட், 6800 எக்ஸ்டிக்கு 300 வாட் என்று பெட்டியில் இருக்கும். ஆனால் மென்பொருளில் பார்த்தால் 6800 எக்ஸ்டி 255 வாட்டுக்கு மேல் காட்டாது. அது முழுக் கார்டும் எடுப்பது இல்லை, என்விடியா காட்டுவதுதான் முழுக் கார்டும் எடுப்பது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘ஏஎம்டி 65 வாட் மிச்சம்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியான கணக்கு இல்லை. நான் சுவரில் பிளக் மீட்டர் போட்டு அளந்தேன். சைபர்பங்க் 2077 ஓடும்போது மொத்தக் கணினியும் 3080-ல் 460 வாட்டை ஒட்டி, 6800 எக்ஸ்டியில் 420-ஐ ஒட்டி. 3080 நொடியின் சின்னத் துண்டுகளுக்குள் இதைவிட வெகு மேலே துள்ளும். மீட்டரில் அது தெரியாது, ஆனால் என் யுபிஎஸ்ஸுக்குத் தெரிந்தது. 1000 விஏ, 600 வாட் யுபிஎஸ், மானிட்டரும் அதில்தான். கனமான சண்டைக் காட்சிகளில் ஓவர்லோடு என்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இருக்க முடியாது, ஆகவே உங்கள் யுபிஎஸ் எத்தனை வாட் என்று பார்த்துவிட்டுக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த வீடியோவிலும் இதைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு கார்டையும் அண்டர்வோல்ட் செய்தேன், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தேன். இந்த முயற்சியிலேயே எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்த பகுதி இதுதான். 3080-க்கு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அமுக்கினால் வோல்டேஜ் வளைவு திறக்கும். 850 மில்லிவோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு புள்ளியை உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் எல்லாவற்றையும் அதே உயரத்தில் படுக்க வைத்தேன். சுவரில் 460 இருந்தது 370 ஆனது, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்பது) நூற்றுக்கு நாலைந்துதான் குறைந்தது, யுபிஎஸ்ஸும் வாயை மூடியது. 6800 எக்ஸ்டியில் ஏஎம்டியின் சொந்த மென்பொருளிலேயே இது இருக்கிறது. உச்ச வேகம் 2300, வோல்டேஜ் 1050 என்று வைத்தேன், சுவரில் 340-ஐ ஒட்டி. அந்த 1050 என்பது நிஜ வோல்டேஜ் இல்லை, முழு வளைவையும் கீழே தள்ளும் ஒரு அளவு. அதனால் இலேசான கேமில் தொங்கிப் போகலாம், கனமான கேமில் நன்றாக ஓடும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துதான் நம்ப வேண்டும். 3080-ல் மிச்சமான 90 வாட்டையே எடுத்துக்கொண்டால், தினம் நாலு மணி நேரம் என்று இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 22 யூனிட். கோடையில் ஏசியோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குக் கட்டணமும் சேர்ந்து ஏறுகிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

சரி, வேகம். 1440பி-யில் ரே டிரேசிங் (ஒளி பட்டுத் திரும்புவதை நிஜம்போல் கணக்கிடுவது) இல்லாமல் இரண்டும் தோளோடு தோள். ஒரு கேமில் இது முன்னே, இன்னொன்றில் அது. 4கே போனால் 6800 எக்ஸ்டியின் கேஷ் போதாமல் 3080 முந்தும். ரே டிரேசிங்கைப் போட்டால் பேச்சே இல்லை, சைபர்பங்கில் 3080 வெகு தூரம் முன்னே போய்விடுகிறது, சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் படமும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரைவிடத் தெளிவு, ஓடும்போது தலைமுடியும் கம்பி வேலியும் மினுக்காமல் நிற்கின்றன. இந்த இடத்தில் ஏஎம்டிக்குப் பரிந்து பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2023-ல் வந்த கேம்களைப் பாருங்கள். ஹாக்வர்ட்ஸ் லெகஸியை 1440பி-யில் எல்லாவற்றையும் ஏற்றி ரே டிரேசிங்கும் போட்டால் 3080-ன் 10 ஜிபி மெமரி போதவில்லை, நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று இடறி இடறிப் போகிறது. 3080 சிப்புக்குத் தெம்பு இருக்கிறது, மெமரியில் இடமில்லை. 16 ஜிபி உள்ள 6800 எக்ஸ்டியில் எஃப்பிஎஸ் குறைவாக இருந்தாலும் அந்த இடறல் இல்லை. மூன்று நாலு வருடம் வைத்திருக்கப் போகும் கார்டுக்கு இந்த 6 ஜிபி வித்தியாசம்தான் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

பிளெண்டரில் நிலைமை தலைகீழ். என் கோபுரத்தின் ஒரே காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது முழுப் படமாக வரைந்து முடிக்க, 3080 எடுத்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் நேரம் 6800 எக்ஸ்டிக்கு ஆனது. என்விடியாவின் ஆப்டிக்ஸ் வழி, கார்டில் இருக்கும் ரே டிரேசிங் சில்லுகளை நேராகப் பயன்படுத்துகிறது. ஏஎம்டியின் ஹிப் வழிக்கு அந்த வசதி அப்போது இல்லை, ஜூனில் வந்த 3.6-ல்தான் சோதனை அளவில் எட்டிப் பார்த்தது. ரெண்டர்தான் சாப்பாடு என்றால், கேமை ஸ்ட்ரீம் செய்கிறவர் என்றால், படம் வரையும் ஏஐ மாடல்களை விண்டோஸில் ஓட்ட ஆசை என்றால் 3080-தான். பேட் மாற்றி, அண்டர்வோல்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அருமையான கார்டு. தம்பி அதை அப்படித்தான் வைத்திருக்கிறான்.

நான் புது 6800 எக்ஸ்டி வாங்கினேன். எனக்குக் கேம் தினமும், ரெண்டர் வாரத்துக்கு ஒரு தடவை, அதையும் தூங்கப் போகும்முன் ஓடவிட்டுக்கொள்ளலாம். ரூ. 15,000 கூடக் கொடுத்ததற்கு 16 ஜிபியும், என் பெயரில் பில்லும், கையால் பிரிக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு கார்டும் கிடைத்தது. நண்பருடைய கார்டில் நின்ற 1050 செட்டிங் என்னுடையதில் நிற்கவில்லை, ஒரு கேமில் திரை கறுத்து டிரைவர் விழுந்தது. 1070-க்கு ஏற்றிய பிறகு அசையவில்லை. ஒவ்வொரு சிப்பும் ஒரு மாதிரி என்பதால் யாருடைய எண்ணையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். 144 ஹெர்ட்ஸில் சும்மா இருக்கும்போதே மெமரி முழு வேகத்தில் நிற்பது மட்டும் இன்னும் சரியாகவில்லை. 120-க்கு இறக்கினால் அடங்குகிறது, இப்போதைக்கு டெஸ்க்டாப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், அடுத்த டிரைவர் வந்ததும் மறுபடி 144 போட்டு மீட்டரைப் பார்க்கணும்.