அரை நூல்தானே!

இலங்கை மலையகத்து இறம்பொடை இறக்கத்தில் ஸ்டீயரிங் நடுங்கியபோது முதலில் ரோட்டைத்தான் திட்டினேன். இரண்டாவது தடவை டயரைத் திட்டினேன். மூன்றாவது தடவை, மழைத் தூறலில் ஓரமாக நிறுத்தி, முன் இடது வீலைக் கையால் தடவிப் பார்த்தால் இரண்டு நட்டு விரலாலேயே சுற்றுகிறது. நாலு நாளைக்கு முன்னாடிதான் நானே இறுக்கியது.

வண்டி மொரிஸ் மைனர் 1000. 1963, 1098 சிசி, பழைய ஸ்ரீ நம்பர் பிளேட். போன டிசம்பரில் வாங்கினேன். எனக்கு விற்றவர் ஜப்பான் காருடைய 14 அங்குல அலோய் ரிம் நாலு போட்டிருந்தார். பார்க்க நன்றாக இருந்தது. “நட்டெல்லாம் பக்காவா ஏறுதுங்க” என்றார். ஏறியது உண்மைதான்.

வீட்டுக்கு மெதுவாகக் கொண்டுவந்து ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நட்டின் கூம்பில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு, பிறை நிலா வடிவத்தில். மீதி முழுக்கத் துரு. அதாவது கூம்பு ரிம்மின் குழியில் முழுசாக உட்காரவே இல்லை, ஓர் ஓரத்தை மட்டும் அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. நாலு நட்டிலும் அதே பிறை.

அளந்து பார்த்தேன். நட்டு ஏறும் மரையாணிதான் ஸ்டட், அது நிற்கும் வீலின் நடுக்குடம் ஹப். நாலு ஸ்டட் ஹப்பில் இது சுலபம்: எதிரெதிர் ஸ்டட் இரண்டின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, ஒரு ஸ்டட்டின் பருமனைக் கழித்தால் பிசிடி, அதாவது ஸ்டட்டுகளின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், வந்துவிடும். மைனருக்கு 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. ரிம்மில் 100. வித்தியாசம் 1.6 மி.மீ. நம் பாஸ்மார் (கைவேலைக்காரர்) கணக்கில் ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று, ஆக இது அரை நூல்.

இந்த அரை நூல்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஐந்து மில்லி வித்தியாசம் இருந்தால் வீல் ஏறவே ஏறாது, யாரும் முயல மாட்டார்கள். இது ஏறும். ஸ்டட் ஒவ்வொன்றும் 0.8 மி.மீ. உள்பக்கம் வளைந்து கொடுக்கும், நட்டும் இறுகும், ஸ்பெனரில் நல்ல கனமும் தெரியும். ஆனால் அந்தக் கனம் வீலைப் பிடிக்கவில்லை, ஸ்டட்டை வளைக்கிறது. நடுங்க நடுங்க நட்டு தளரும். கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஒரு வீலில் இருந்து மறு வீலுக்குப் பாயும் இந்த ரோட்டில் ஒரு நாள் ஸ்டட் அறுந்துவிடும்.

கதை அதோடு முடியவில்லை. ரிம்முக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவில் 12 மில்லி அலுமினியத் தகடு ஒன்று. இந்த ரிம்மின் ஒஃப்செட், அதாவது ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கும் அளவு, 45 மி.மீ., முன் வீல் இழுக்கும் கார்களுக்குரியது. அப்படியே மாட்டினால் டயர் உள்ளே போய் ஸ்டீயரிங் ஆர்மில் உரசும். அதற்குத் தகடு. தகடு போட்டவர் ஸ்டட்டை நீளமாக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், நட்டு ஐந்து சுற்றிலேயே கழன்று கையோடு வந்தது. 3/8 அங்குல யூஎன்எஃப் (நெருக்கமான மரை) ஸ்டட்டுக்குக் குறைந்தது ஸ்டட்டின் பருமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும், அதாவது ஒன்பது சுற்று. ஐந்து சுற்றில்தான் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு புசல்லாவை வரை போய் வந்திருக்கிறேன். மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஒரிஜினல் ஸ்டீல் ரிம்முக்கே திரும்பிவிடுவதுதான் புத்தியுள்ள வழி. தேடினேன். கிடைத்தவற்றில் இரண்டு முட்டை வடிவம், ஒன்றில் வெல்டிங் ஒட்டு. அடாப்டர் தகடு என்று தனி ஸ்டட் வைத்த சாமானும் உண்டு, ஆனால் அது வீலை இன்னும் வெளியே தள்ளும், பெயரிங்குக்குத்தான் வேலை. கடைசியில் ஹப்பையே மாற்றுவதென்று முடிவு: 12 மில்லி ஸ்டட், 100 பிசிடி.

இதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பழைய ஓட்டை 10.5 மி.மீ. ஹப் நடுவிலிருந்து அதன் வெளி விளிம்புக்கு 50.8உடன் 5.25 கூட்டினால் 56.05. புதிய ஸ்டட்டில் ஹப்பைக் கவ்வும் பல்வெட்டுக்கு 12.9 ஓட்டை வேண்டும். அதன் நடுப்புள்ளியை 50இல் வைத்தால் வெளி விளிம்பு 56.45. அதாவது பழைய ஓட்டை முழுசாகப் புதியதற்குள் அடங்கிவிடுகிறது, 0.4 மிச்சம். 3/8 ஸ்டட்டையே வைத்து இடம் மாற்றியிருந்தால் ஓட்டை முட்டை வடிவமாகி ஹப் குப்பைக்குப் போயிருக்கும்.

கணக்கு சரி, கைதான் பிழைத்தது. பழைய டிரம் ஒன்றில் எங்கள் கராஜ் டிரில்லால் சோதித்தேன். டிரில் பிட் நான் குறித்த இடத்தைச் சட்டை செய்யாமல் பழைய ஓட்டையின் வழியிலேயே ஓடியது. ஓட்டை பெரிதானது, இடம் மாறவே இல்லை. அந்த டிரம்மில் இப்போது வீட்டில் ரோஜாச் செடி.

ஹப்புகளைத் தூக்கிக்கொண்டு கம்பளையில் ஒரு லேத் கடைக்குப் போனேன். அங்கிருக்கும் அண்ணன் முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ரோலர் ஷாஃப்ட் கடைந்த கை. ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, அரை நூல்தானே, ரிம் ஓட்டைய அராவி விட்டா முடிஞ்சிருமே?”

“கூம்பு உக்காராதுண்ணே.” பிறை விழுந்த நட்டை நீட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றி, நட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு பேச்சில்லை. சம கோணமாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டில் ஹப்பை ஏற்றி, டயல் கேஜ் வைத்து நடு பிடிக்கவே முக்கால் மணி நேரம். அதன்பின் டிரில் இல்லை, ஒற்றை முனைக் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தார்.

அதற்கு முன்னாடி அவரே சொன்ன ஒரு வேலைதான் என்னைக் காப்பாற்றியது. ஹப்பை நன்றாகக் கழுவி, சிவப்புச் சாயம் அடித்து, கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் தூவினார். வலது ஹப் வெள்ளையாகவே இருந்தது. இடது ஹப்பில் ஒரு ஸ்டட் ஓட்டையிலிருந்து வெளியே, தலைமயிர் பருமனில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. வெடிப்பு. தளர்ந்த நட்டு இரண்டும் இருந்த அதே வீல்.

வேறு ஹப் தேட மூன்று வாரம் போயிற்று. ஒரு காலத்தில் இங்கேயே மைனர் சாமான் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய நாடு இது. எனக்கு ஒரு ஹப் கிடைக்கப் பட்ட பாட்டை என்ன சொல்ல! கிடைத்ததையும் சாயம் அடித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

நட்டை இறுக்கி ஸ்டட்டை ஹப்புக்குள் இழுத்து ஏற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். புது மரை அதிலேயே நீண்டுவிடும். பிரஸ்ஸில் வைத்து, ஹப்பின் விளிம்புத் தட்டுக்கு (ஃபிளாஞ்ச்) அடியில் குழாய்த் துண்டு முட்டுக் கொடுத்து ஏற்றினோம். டிரம் ஓட்டைகளையும் அதே செட்டிங்கில் கடைந்தார். தகட்டைத் தூக்கிப்போட்டு, இரு முகமும் ஒரே ஏற்றத்தில் கடைந்த புதிய 12 மில்லி வளையம். ஸ்டட் அதற்கேற்ற நீளம், நட்டு இப்போது பதினொரு சுற்று.

நட்டு வாங்கும்போது கவனம். 12 மில்லியில் மரை இடைவெளி இரண்டு வகை: டொயோட்டா, ஹொண்டாவுக்கு 1.5 மி.மீ., நிசான், சுசூக்கிக்கு 1.25. கடைக்காரர் இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தார். உட்காரும் முகமும் வேறுபடும்: ஹொண்டாவுக்கு உருண்டை, டொயோட்டா அலோய் சிலவற்றுக்கு வாஷர் வைத்த தட்டை. என் ரிம்முக்கு 60 பாகைக் கூம்பு. கூம்பில் நீல மை தடவி, இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன். நாலிலும் முழு வளையம் பதிந்திருந்தது.

ஹப்பைத் திரும்ப ஏற்றும்போது, மைனரின் முன் பெயரிங் இரண்டுக்கும் நடுவில் வரும் ஸ்பேசரை மறக்கக் கூடாது. கூம்பு உருளை வைத்த டேப்பர் பெயரிங் போல இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்துவது இங்கே வேண்டாம், ஸ்பேசர் மேல் நன்றாக இறுக்கி ஸ்பிளிட் பின் போட வேண்டும். வீல் நட்டுக்கு டொயோட்டாக்காரர்கள் 103 நியூட்டன் மீட்டர் சொல்வார்கள். பழைய ஹப் என்பதால் 90இல் நிறுத்தினேன்.

பின் பக்கம் இன்னும் பாக்கி. நேற்று வலது டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ இரண்டிலும் பின் அச்சின் டிஃப் (டிஃபரென்ஷியல்) ஒயில் சொட்டுகிறது. சீல் வரட்டும். அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான், அண்ணனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.